காய்ச்சல் இறங்கிய நாள்

காய்ச்சல் விட்டுவிட்டால் ஆள் தேறிவிட்டான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். நெற்றியில் கை வைத்துப் பார்த்து "சூடு இல்ல" என்று அம்மா சொன்னால் நோய் முடிந்தது; மிளகு ரசமும் சோறும் வந்துவிடும். சளிக்காய்ச்சலுக்கு அது பெரும்பாலும் சரி. டிங்கிக்கு அந்தக் கணக்கு செல்லாது. உடம்புச் சூடு இறங்குகிற நேரத்தில்தான் டிங்கி ஆளைச் சாய்க்கும். இது எனக்கு விளங்கியது 2015இல், தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டு முன்னறையில் என் தம்பியின் குளிர்ந்துபோன கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது.

பினாங்கு என்றாலே தீவுதான் பலருக்கு நினைவு வரும். செபராங் ஜெயா கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவில் இருக்கிறது. 1970களில் திட்டம் போட்டு எழுப்பத் தொடங்கிய நகரம். தெருக்களுக்கு மீன் பெயர்கள்: தெங்கிரி, தோடாக், குராவ். எங்கள் வரிசையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் நாலாவது வீட்டில் கேட்கும். முன்னால் கார் நிறுத்த இடம், பூச்சட்டிகள், துளசி மாடம். பின்னால் துணி துவைக்கும் இடம், அதற்கும் பின்னால் லோங்காங் என்கிற சாக்கடை. பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். தம்பியும் அங்கே ஒரு தொழிற்சாலையில் இரவு சிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் இந்தோனேசியக் காடுகள் எரிந்த புகை எங்கள் தலைக்கு மேல் நின்றது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். யாரைப் பார்த்தாலும் இருமல், தொண்டை வலி, கண் எரிச்சல். அதனால் தம்பி சிப்ட் முடிந்து வந்து சுருண்டு படுத்தபோது, இதுவும் புகையால் வந்த காய்ச்சல் என்றே எல்லாரும் நினைத்தோம். ஆனால் தொண்டையும் வலிக்கவில்லை, சளியும் இல்லை. சூடு மட்டும் ஒரேயடியாக ஏறி நின்றது. "கண்ண அசைச்சாலே உள்ள வலிக்குதுக்கா" என்றான். முதுகு, இடுப்பு, முழங்கால் எல்லாம் அடித்துப்போட்டது போல. கிளினிக்கில் எம்.சி.யும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து, சூடு விடாவிட்டால் ரத்தம் பார்க்க வரச் சொன்னார்கள். விடவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டிங்கி என்று உறுதியானது. தினமும் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டையும் தந்தார்கள். அம்மா அதை சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்தார்.

நான்காம் நாள் போய் வந்தோம். ஐந்தாம் நாள் காலையில் அவனுக்குச் சூடு இல்லை.

அம்மாவின் முகத்தில் அன்று வந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. அரிசிக் கஞ்சி வைத்தார். "இன்னிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? அங்க போய் மணிக்கணக்கா உக்காந்தா திரும்பவும் காய்ச்சல் வரும். பிள்ளை தூங்கட்டும்" என்றார். தம்பியும் தூங்கினான். ஆனால் அந்தத் தூக்கம் சரியாக இல்லை. எழுப்பினால் கண்ணைத் திறப்பான், ஒரு வார்த்தை சொல்வான், மறுபடி மூடிக்கொள்வான். வயிறு வலிக்கிறது என்றான். இரண்டு வாய்க் கஞ்சி உள்ளே போனதும் வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை.

எதிர் வரிசையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா இருக்கிறார். எங்கள் தெருவுக்கே அவர் மிஸி அக்கா. அம்மா கோலம் போட்டுக்கொண்டே காய்ச்சல் விட்ட சேதியைச் சொல்ல, அவர் கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்தார். நெற்றியைத் தொடவில்லை. கையைத் தொட்டார், பிறகு பாதத்தை. தம்பியின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விட்டார். நகம் வெளுத்தது. சாதாரணமாக விட்ட உடனே சிவப்புத் திரும்பிவிடும். அன்று அது நின்று நிதானித்துத்தான் திரும்பியது. நானும் என் நகத்தை அழுத்திப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

"கடைசியா எப்போப்பா ஒண்ணுக்குப் போன?" என்று கேட்டார்.

தம்பிக்கு நினைவில்லை. அம்மாவும் நானும் யோசித்தோம். முந்தின இரவு போனான். அதற்குப் பிறகு இல்லை.

"காடிய எடு. இப்பவே" என்றார் மிஸி அக்கா. "சூடு போனதுதான் ஆபத்து. கை சில்லுன்னு இருக்கு பாரு."

செபராங் ஜெயா மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து சில நிமிடத் தூரம்தான். அவசரப் பிரிவில் தம்பியை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார்; பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு கையிலும் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள். அன்று இரவு எங்களிடம் பேசிய மருத்துவர் ஒரு மலாய்க்காரப் பெண், இளம் வயது. களைத்துப் போயிருந்தார், ஆனாலும் அவசரப்படாமல் மலாயில் விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

டிங்கி வைரஸ் ரத்தத்தில் பெருகுகிற முதல் சில நாட்களில்தான் காய்ச்சல் கொதிக்கும். உடம்பு அதோடு போரிட்டு வைரஸைக் குறைத்துவிடும், சூடும் இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும், அந்தப் போரின் விளைவாக, மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் இளகி ஒழுகத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசியும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலே உள்ளே ரத்தம் கெட்டிப்பட்டு அளவு குறைந்துவிடும். கைகால் குளிரும், சிறுநீர் நிற்கும், வயிறு வலிக்கும், வாந்தி வரும், ஆள் சோர்ந்து மயங்குவான். கசிவு ஒரு நாள், இரண்டு நாள்தான் இருக்கும். அந்த நேரத்தில் அளந்து நீர் ஏற்றினால் ஆள் பிழைத்துக்கொள்வான். குறைந்தால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். கூடினால் ஏற்றிய நீர் நுரையீரலில் தேங்கும். அதனால்தான் மணிக்கு மணி ரத்தம் பார்த்து, சிறுநீரை அளந்து, டிரிப்பைக் கூட்டியும் குறைத்தும் அந்த வார்டில் இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்தார். டிங்கி வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை. உயிரைக் காப்பாற்றுவது இந்தக் கவனிப்புதான்.

உறவினர்கள் எல்லாரும் போனில் கேட்ட ஒரே கேள்வி: "பிளேட்லெட் எத்தனை?" மருத்துவரோ ஹெமாட்டோகிரிட் என்ற இன்னோர் எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று காட்டும் எண் அது. பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் குறைவது நோயின் அடையாளம். அவை வேகமாக இறங்கும்போதே ஹெமாட்டோகிரிட் ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். மாமா பப்பாளி இலைச் சாறு பிழிந்து எடுத்து வந்தார். அத்தை நண்டு சூப் வைத்துக் கொண்டுவந்தார். மலேசியாவில் டிங்கி வந்த வீட்டுக்கு இந்த இரண்டும் வராமல் இருக்காது. பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களைக் கூட்டுகிறது என்று 2013இல் மலேசியாவிலேயே ஓர் ஆய்வு வெளிவந்தது உண்மை. ஆனால் கசிவுக்கு மருந்து டிரிப்தான். அன்போடு கொண்டுவருவதை நான் குறை சொல்ல மாட்டேன். அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். இன்னொன்று: டிங்கி என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு.

மருத்துவர் சொன்ன ஒரு சேதி என்னைத் திகைக்க வைத்தது. தம்பிக்கு இது முதல் டிங்கி அல்ல. பழைய தொற்றின் தடயம் ரத்தத்தில் இருந்தது. எங்களில் யாருக்கும் அப்படி ஒரு காய்ச்சல் நினைவில் இல்லை. டிங்கி தொற்றியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறியே தெரியாது, அல்லது லேசான காய்ச்சலோடு போய்விடும் என்றார். டிங்கி வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அந்த வகை திரும்ப வராது; மற்ற மூன்றும் வரலாம். முதல் முறை உடம்பு உண்டாக்கி வைத்த எதிர்ப்புப் பொருள் இரண்டாம் வகையைத் தடுக்கப் போதாது. அதன் மேல் ஒட்டிக்கொண்டு, வைரஸ் நம் அணுக்களுக்குள் நுழைய வழிசெய்துவிடவும் கூடும். அதனால்தான் இரண்டாம் முறை வருகிற டிங்கி முதலாவதை விட மோசமாக இருப்பது உண்டு. "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துபோச்சே" என்று யாராவது தைரியமாகச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தம்பி பிழைத்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் சேரும் பை நிறைந்ததைப் பார்த்து அம்மா அழுதார். தீபாவளிக்கு வீட்டில் இருந்தான். பலகாரம் எதுவும் பிடிக்கவில்லை, படுத்தபடியே டிவி பார்த்தான்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சுகாதார அதிகாரிகள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். டிங்கி உறுதியானதும் மருத்துவமனை தகவல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். வைரஸ் ஏடிஸ் கொசுவின் வழியாகத்தான் வரும். ஒரே காற்றைச் சுவாசித்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. காய்ச்சலில் கிடக்கிறவனைக் கடித்த பெண் கொசுவின் வயிற்றில் வைரஸ் பெருகி அதன் எச்சில் சுரப்பிக்கு வந்துசேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு அந்தக் கொசு செத்துப்போகும்வரை கடிக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கும். கடிபட்டவருக்கு நான்கு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். ஏடிஸ் நெடுந்தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் 200 மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். ஆகவே தம்பியைக் கடித்த கொசு எங்கள் தெருவிலோ அவன் வேலை செய்யும் இடத்திலோ பிறந்திருக்க வேண்டும். எங்கள் வரிசையில் ஏற்கெனவே இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள்.

வந்த அதிகாரிகளில் ஒருவர் தமிழர், வயதில் இளையவர். கையில் டார்ச் லைட், நீள் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டி, சொட்டுக்குழாய், சிறு புட்டிகள். எங்கள் வீட்டில் பூச்சட்டித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களுக்கு அடியில் வைக்கும் தண்ணீர்க் கிண்ணம், சாமி மாடத்துச் செம்பு எல்லாவற்றையும் பார்த்தார். பக்கத்தில் ஒரு வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. கேட்டில் விளம்பரத் தாள்கள் செருகி, வெயிலில் மஞ்சளாகியிருந்தன. அதன் உறவினர் ஒருவர் சாவியோடு வந்து திறந்தார். பின்பக்கம், கூரையிலிருந்து ஒழுகிய மழைத் தண்ணீர் ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் பாதியளவு நின்றது. புகைமூட்டத்துக்குப் பிறகு பெய்த மழை.

"அக்கா, கிட்ட வந்து பாருங்க" என்றார் அந்த அதிகாரி. டார்ச்சை அடித்ததும் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் தெளிவாக, அடியில் இலைச் சருகு தெரியும்படி இருந்தது. பிறகு கண் பழகியது. மேல்பரப்பில் நூல் துண்டுகள் போல நிறையத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும், என் நிழல் விழுந்ததும், எல்லாம் ஒரே நேரத்தில் நெளிந்து அடிக்கு இறங்கின. கொஞ்சம் காத்திருந்தால் மூச்சு வாங்க ஒவ்வொன்றாக மேலே வந்தன. அவர் சொட்டுக்குழாயில் உறிஞ்சிப் புட்டியில் விட்டார். "லோங்காங்ல இருக்கறது வேற கொசு. இது சுத்தமான தண்ணிதான் கேக்கும்" என்றார். தொட்டியின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மிளகுத்தூள் தூவியது போலக் கருப்பாகப் புள்ளிகள் இருந்தன. முட்டைகள். தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் அவை சாகாது. காய்ந்தபடி பல மாதம் ஒட்டிக் கிடந்து, அடுத்த மழைத் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே கவிழ்த்த பிறகு தேய்த்துக் கழுவ வேண்டும். இதை அவர் செய்து காட்டினார். தேய்ப்பதற்குத் துடைப்பத்தை நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன்.

அன்று மாலை ஃபோகிங் செய்தார்கள். தெருப் பிள்ளைகள் புகைக்குப் பின்னால் ஓடினார்கள். பெரியவர்கள் "இனி பயமில்ல" என்று பேசிக்கொண்டார்கள். புகை, பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும். பக்கத்து வீட்டுத் தொட்டியில் இருந்தவற்றை அது தொட்டிருக்கவே முடியாது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதார அமைச்சு வாரம் 10 நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று கேட்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். புகை வண்டி வந்தால்தான் அரசாங்கம் வேலை செய்கிறது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், புகை வண்டியை விட அந்த வெள்ளைக் கரண்டிக்குத்தான் பலன் அதிகம்.

ஒரு வைரஸ் எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் அதைத் தடுக்க முடியாது. இந்த நாடு அதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1998இல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக்காய்ச்சலைக் கொசு கொண்டுவரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி, கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. வெளவாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்தது அந்த நோய். கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பன்றிகளை அகற்றிய பிறகுதான் நின்றது. அதற்குள் மலேசியாவில் 105 பேர் இறந்துவிட்டார்கள்.

டிங்கி விஷயத்தில் வழி நமக்கு நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரியும். பினாங்கில் கண்ட டிங்கியைப் பற்றி ஸ்கே என்ற மருத்துவர் 1902லேயே எழுதிவிட்டார். கசிவும் ரத்தப்போக்குமாக வரும் கடுமையான டிங்கி இந்த நாட்டில் முதலில் பதிவானதும் பினாங்கில்தான், 1962இல். கொசு வளர விட்டால் தண்டிக்கும் சட்டம் 1975இல் வந்தது. அப்படியும் தம்பி விழுந்த 2015இல் நாடு முழுவதும் 120,836 பேருக்கு டிங்கி வந்தது. 336 பேர் இறந்தார்கள். 2019இல் டிங்கி வந்தவர்கள் எண்ணிக்கை 130,101 ஆனது. 2023இல் 123,133 பேருக்கு வந்து 100 பேர் இறந்தார்கள். நோயின் எண்ணிக்கை அங்கேயே நிற்க, சாவு குறைந்திருக்கிறது. நேரத்தோடு வந்தவர்களை மருத்துவமனைகள் காப்பாற்றுகின்றன என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

புதிதாகச் சில நம்பிக்கைகளும் வந்திருக்கின்றன. வொல்பேக்கியா என்ற நுண்ணுயிரை ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை வெளியே விட்டால், அவற்றின் உடம்பில் டிங்கி வைரஸ் பெருகுவது மட்டுப்படும். சிலாங்கூரில் இதைச் செய்து பார்த்த இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி ஒன்றுக்கும் 2024இல் மலேசியா நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது; இரண்டு ஊசி, மூன்று மாத இடைவெளி. போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் நல்ல செய்திதான். ஆனால் பூட்டிய வீட்டின் பின்னால் நிற்கும் தொட்டியை யாராவது ஒருவர் கவிழ்த்துத் தேய்க்கத்தான் வேண்டும்.

படிக்கிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது டிங்கி என்றால் முதல் வேலையாக அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும்; அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்து உங்கள் பிள்ளையைக் கடிக்கப் போகிறது. பக்கத்தில் வீடு பூட்டிக் கிடந்தால் உரிமையாளரைத் தேடிச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சுகாதார அலுவலகத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ புகார் கொடுங்கள். அக்கம்பக்கத்துக்கு வருத்தம் வருமே என்று தயங்க வேண்டாம். காய்ச்சல் இறங்கினால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அந்த நாளில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கைகால் குளிர்ந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.